நிரந்தரப் பயனாளி

பெயர் கேட்டால் வீட்டில் சின்னவன் என்பார்கள், வேலை பார்க்கும் இடத்தில் பயனாளி என்பார்கள். வயது இருபத்து மூன்று. இருப்பது, சொந்த ஊரிலிருந்து விமானத்தில் ஏறி ஒரு முழுத் தூக்கம் தூங்கி எழுந்தாலும் வந்து சேராத தூரத்தில் ஒரு நகரம். அந்த நகரத்தில் சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. அந்த அறையிலும் பாதிதான் அவனுடையது. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் பகலில் அதே கட்டிலில் தூங்குவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இவன் கிளம்பிய பிறகு அவர் வருவார், அவர் கிளம்பிய பிறகு இவன் வருவான். சாயங்காலம் வந்து சாயும்போது மெத்தையில் மிச்சமிருக்கும் சூடும், புளித்த மாவின் லேசான வாடையும்தான் அந்த நகரத்தில் அவனுக்கு வாய்த்த சொந்தபந்தம்.

சின்னவன் எப்படிப் பயனாளி ஆனான் என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

அள்ளிக் கொடுப்போம் அறக்கட்டளையில் மூட்டை ஏற்றி இறக்கக் கிடங்குக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத்தான் அவன் போனான். அன்று மழை. கட்டடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசலில் கம்பளம் விரித்திருந்தது, கொடுப்பவர்கள் அந்த வழியாக உள்ளே போனார்கள். பக்கவாட்டு வாசலில் கம்பளம் இல்லை, ஒரு காவலாளி மட்டும் இருந்தார். தொப்பலாக நனைந்து, சான்றிதழ்களைச் சட்டைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் தந்தியடிக்க நின்றவனை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எங்கய்யா இருந்த? உள்ள எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"வேலைக்கு வந்தேன் அண்ணே."

"எதுக்கு வந்தாலும் சரி, நனைஞ்சு வந்திருக்க பாரு, அது போதும். ஓடு."

முதுகில் கை வைத்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் சின்னவன் போய் நின்ற இடம் மேடை. எதிரே வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவே கையில் ஒரு போர்வையோடு ஒரு கனவான், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். அன்று அறக்கட்டளைக்கு வந்த சோதனை என்னவென்றால், கொடுப்பதற்கு வாசல் வரை வரிசை நின்றது. வாங்குவதற்கு ஓர் ஆள்கூட வரவில்லை. நீட்டிய கையோடு கனவான் நின்ற நிற்பைப் பார்த்துச் சின்னவனுக்கே பாவமாகிவிட்டது. போய் வாங்கிக்கொண்டான். குளிரில் உதடு நடுங்கியதால் நன்றி என்ற சொல் பாதியில் உடைந்தது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

அன்று மதியமே அவனைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைவரை அங்கே எல்லோரும் பெரியமனசு என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவருக்கு அது பிடிக்கும். பக்கத்தில் நெகிழ்ச்சி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் நெகிழாமல் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு அந்த அம்மாளுடையது. மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி எப்போதும் திறந்தே இருக்கும்.

"மூட்டை தூக்க எவன் வேணும்னாலும் கிடைப்பான் தம்பி. வாங்குறதுக்கு நல்ல ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு" என்றார் பெரியமனசு. "முன்னாடி எல்லாம் நிஜ ஏழைங்களத்தான் கூப்பிட்டோம். என்ன பாடுபட்டோம்னு எங்களுக்குத்தான் தெரியும். ஒரு அம்மா, போர்வை மெல்லிசா இருக்குன்னு மைக்கைப் புடிச்சே சொல்லிட்டாங்க. கொடுத்தவருக்குச் சோறு தண்ணி இறங்கல. இன்னொருத்தரு, போர்வை கிடக்கட்டும், எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னாரு. ஒவ்வொருத்தன் அளவுக்கும் கருணையை வெட்டித் தைக்க இது என்ன தையல் கடையா?"

"அவங்கள்ல யாருக்கும் வாங்கத் தெரியல. ஒரு கையால வாங்கிட்டு அடுத்த கையால மூக்கைச் சொறியறாங்க" என்று நெகிழ்ச்சி அதிகாரி எடுத்துக் கொடுத்தார்.

"அதனால நிரந்தரப் பயனாளின்னு ஒரு பதவியே உண்டாக்கியிருக்கோம். நீதான் முதல் ஆளு. மாசச் சம்பளம், மதியச் சாப்பாடு. வேலை ரொம்ப சுலபம், வாங்கிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

சின்னவனுக்கு ஊரில் அம்மா, ஓர் அண்ணன். வேலை கிடைத்த செய்தியை எதிர்பார்த்து இருவரும் போனும் கையுமாக இருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டான்.

பயிற்சி தொடங்கியது. இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பார்வை கொடுப்பவரின் சட்டைப் பொத்தானுக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால், கடன் கேட்கிறான் என்று அவர் நினைத்துக்கொள்வார். சிரிக்கக் கூடாது. "பல்லு தெரிஞ்சா பசி தெரியாது தம்பி" என்று நெகிழ்ச்சி அதிகாரி விளக்கினார். அதற்காக உம்மென்றும் இருக்கக் கூடாது. சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நிற்கிறதே, அந்த நேரத்து முகம் வேண்டும். சின்னவன் சலவைக் கடைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அதைப் பழகினான். உள்ளேயிருந்த சலவைக்காரர், தன்னிடம் ஏதோ கேட்கிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

போர்வை ஒன்றே ஒன்றுதான், சாம்பல் நிறம். மேடையில் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனால் சுவரில் ஒரு சிறு திறப்பு இருக்கும். அதற்குள் நீட்டினால் ஒரு கை வாங்கிக்கொள்ளும். இஸ்திரி போட்டு மடித்து மறுபடி முன்பக்கம் அனுப்புவார்கள். போர்வை போர்த்தித்தான் தேயும் என்று நினைத்திருந்த சின்னவன், கொடுத்தே தேய்ந்த ஒரு போர்வையை அங்கேதான் பார்த்தான். இத்தனைக்கும் கிடங்கில் புதுப் போர்வைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றைத் தொடக் கூடாது. கொடுப்பவர்கள் வந்து பார்த்து மலைப்பதற்காக வைத்திருப்பவை அவை. ஒன்றை உருவினால் அடுக்கு சரியும், அடுக்கு சரிந்தால் நம்பிக்கை சரியும் என்பது பெரியமனசின் கருத்து.

ஒருநாள் நிஜமாகவே குளிரில் விறைத்துப் போன ஒரு பெரியவர் பக்கவாட்டு வாசலில் வந்து நின்றார். சின்னவன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தான்.

"போர்வை தர்றாங்கன்னு சொன்னாங்க" என்றார் பெரியவர்.

"தர்றாங்கதான். ஆனா வாங்குறதுக்கு ஆள் எடுத்தாச்சே பெரியவரே" என்றார் காவலாளி, உண்மையான வருத்தத்தோடு. "காலி இடம் வந்தா சொல்லி அனுப்பறேன்."

பெரியவர் சின்னவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பொறாமைகூட இல்லை. நல்ல வேலையில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கிற மரியாதைதான் இருந்தது. சின்னவன் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

காலையில் எல்லோரும் கூடத்தில் கூடி நின்று கண்ணை மூடிக் கருணையை வரவழைப்பார்கள். நெகிழ்ச்சி அதிகாரி வரிசையாக வந்து கண்ணோரங்களைப் பார்ப்பார். ஈரம் இல்லாதவர்கள் இன்னொரு முறை மூட வேண்டும். சின்னவனுக்கு மட்டும் விலக்கு. அவன் கருணைக்கு மறுபக்கம். அதனால்தான் மதியச் சாப்பாட்டிலும் அவன் மற்றவர்களோடு உட்காரக் கூடாது என்று ஏற்பாடு. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே மேசையில் குழம்பைப் பரிமாறிக்கொண்டால் யார் யாருக்கு இரங்குவது என்று குழப்பம் வந்துவிடுமாம். அவனுடைய தட்டு கிடங்குக்கு வரும். போர்வை மலைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவான். அங்கே தும்மினால்கூடச் சத்தம் வெளியே போகாது.

நடந்து போகும்போது கை விறைத்துவிடும் என்பதால் வீட்டுக்குச் செய்தியை அவன் போனிடம் வாயால் சொல்வான், அது எழுதிக்கொள்ளும். "அம்மா, இன்னைக்கும் நிறையப் போர்வை கை மாறுச்சு." "அம்மா, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் என் கையைப் புடிச்சுப் பேசினாங்க." "அம்மா, நான் இல்லன்னா நிகழ்ச்சியே நடக்காதுன்னு தலைவரே சொல்லிட்டாரு." ஒன்றுகூடப் பொய் இல்லை. அம்மாவாகவே அவனை விநியோக அதிகாரி என்று வைத்துக்கொண்டாள், அவன் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. முகம் பார்த்துப் பேசுவோம் என்று அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் இங்கே சிக்னல் சரியில்லை என்று குரலோடு நிறுத்திக்கொள்வான். அனுப்பிய செய்தியை அம்மா பார்த்துவிட்டாளா என்று தெருவிளக்குக்கு விளக்கு நின்று பார்ப்பான். பார்த்தும் பதில் வராவிட்டால், தெரிந்துவிட்டதோ என்று அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்ப்பான்.

ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. கொடுக்கிறவர்கள் படத்துக்காக அவன் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வார்கள். அந்த நகரத்தில் அவனை ஆட்கள் தொடுவது அப்போதுதான். படக்காரர் ஃபோகஸ் சரியில்லை என்று இன்னொரு முறை எடுத்தால் சின்னவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும்.

வாராவாரம் தவறாமல் வருபவர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாராவாரம் அதே போர்வையை அதே ஆளுக்குக் கொடுப்பார். "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்பார். சின்னவன் வாயைத் திறப்பதற்குள் "பல்லை நல்லா வெச்சிருக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு மறதியா, அல்லது வீட்டில் கேட்க ஆளில்லாத கேள்வியை இங்கே வந்து கேட்டுவிட்டுப் போகிறாரா என்று சின்னவனுக்குப் பிடிபடவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் 'அனைவரும் கொடுக்கும் ஆண்டு' வந்து மோதியது.

பெரியமனசு காலைக் கூட்டத்தில் அதை அறிவித்தார். "இனிமே நம்ம நிறுவனத்துல கொடுக்காத ஆள்னு ஒருத்தர் இருக்கக் கூடாது. வற்புறுத்தல் கிடையாது. அவங்கவங்க மனசார முன்வரணும். முன்வராதவங்க யாருன்னு எனக்கு ராத்திரி வந்து சொல்லுங்க, நான் அவங்களுக்காக வருத்தப்படணும்."

முன்வந்தார்கள். சமையல்காரர் தன் வார ஓய்வைக் கொடுத்தார். காவலாளி நாற்காலியைக் கொடுத்தார். அன்றிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார். ஓட்டுநர் தன் மதியத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினார். பெரியமனசு என்ன கொடுத்தார் என்று சமையல்காரர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

"நல்ல கேள்வி. உங்க எல்லாருக்கும் கொடுக்குற வாய்ப்பையே நான்தானப்பா கொடுத்திருக்கேன். இதைவிடப் பெரிசா ஒருத்தன் என்ன கொடுத்துட முடியும்?" என்றார். தன் பதிலில் தானே நெகிழ்ந்து, பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டை உருவிக்கொண்டார்.

கடைசியில் மிச்சமிருந்தது பயனாளி.

"நான் என்னங்க கொடுக்குறது? ரத்தம் வேணும்னா கொடுக்கறேன்" என்றான் சின்னவன்.

"ரத்தம் படத்துல நல்லா வராது" என்றார் நெகிழ்ச்சி அதிகாரி. அவன் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "உன்கிட்ட முகம் இருக்குல்ல, அதைக் கொடு. பெரிசாப் போட்டு ஊரெல்லாம் ஒட்டுவோம். போன்லயும் அனுப்புவோம்."

"ஊரெல்லாம்னா, இந்த ஊர்தானே மேடம்?"

"எல்லா நாட்டுக்கும் போகும். கருணைக்கு ஏதுப்பா எல்லை?"

சின்னவன், விநியோக அதிகாரியின் முகத்தைச் சுவரொட்டியில் பார்க்கிற அம்மாவை நினைத்துப் பார்த்தான். "மேடம், எங்க வீட்ல நான் இந்த வேலை பாக்கறது தெரியாது. எங்கம்மா பாத்தா உடைஞ்சு போயிடுவாங்க. முகத்தைக் கொஞ்சம் மங்கலாப் போட முடியுமா?"

"மங்கலாப் போட்டா மங்கலாத்தான் இரங்குவாங்க."

"திரும்பி நிக்கறேனே?"

"முதுகுக்கு யாரு கொடுப்பா?"

சுவரொட்டியில் போட வேண்டிய வாசகம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 'இவனுக்கு யாருமில்லை.' சின்னவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"எனக்கு அம்மா இருக்காங்க மேடம். அண்ணன்கூட இருக்காரு."

"தெரியும்ப்பா. நல்லா இருக்கட்டும். ஆனா அம்மா இருக்குறவனுக்கு ஊரு ஏன் கொடுக்கணும்? அதை அம்மா பாத்துப்பாங்கன்னு போயிட மாட்டாங்களா?" என்று கேட்டார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாம்னா சொல்லு, கட்டாயமில்ல. வாசல்ல ஒரு பெரியவர் வந்து கேட்டுட்டுப் போனதாக் காவலாளி சொன்னாரு" என்றார்.

வேலை போனால் கட்டிலின் பாதியும் போய்விடும். சின்னவன் முகத்தைக் கொடுக்கச் சம்மதித்தான்.

படம் எடுக்கப் பாதி நாள் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்தான், விறைப்பாக. படக்காரர் நல்ல மனிதர், ஆனால் வேலை முடியாமல் வீட்டுக்குப் போக முடியாது. "அழ வேணாம்ப்பா. அழுதா மூக்கு செவந்து போகும். அழுகை வந்து, சரி வேணாம்னு திரும்பிப் போகுது பாரு, அந்த முகம் வேணும்."

சின்னவன் முயன்றான்.

"இது பாஸ்போர்ட்டுக்குக் குடுக்குற முகம். வேற பண்ணு."

வேறு பண்ணினான்.

"இது பாஸ்போர்ட் தொலைஞ்சவன் முகம்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மா. சின்னவன் நெகிழ்ச்சி அதிகாரியைப் பார்த்தான். அவர் அலுத்துப் போயிருந்தார், பேசித் தொலை என்று கையை அசைத்தார்.

"சொல்லும்மா... வேலையிலதான் இருக்கேன், பரவால்ல பேசு... மதியம் எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்து சாப்பிட்டோம். ஒரே அரட்டை... ஆமா, அந்தச் சமையல்காரர் எனக்குன்னு தனியா எடுத்து வைப்பாரு... சேச்சே, தனியா எல்லாம் இல்லம்மா. நகரவே விட மாட்டேங்கறாங்க..."

கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது. பேசி முடித்துப் போனை இறக்கியபோது படக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், "கிடைச்சிருச்சு" என்றார்.

போனை மட்டும் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள். காதோரம் வைத்த கை மட்டும் அப்படியே இருந்தது. பார்ப்பவர்களுக்கு, தாங்க முடியாத ஏதோ ஒன்றைக் கன்னத்தோடு தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். கீழே அந்த வாசகம்.

சுவரொட்டி பிய்த்துக்கொண்டு போனது. பேருந்து நிறுத்தத்தில் அவன், மின்தூக்கிக்குள் அவன், வங்கி வாசலில் அவன். அவனுக்காக இரங்காத வீடு இல்லை என்று பெரியமனசு பூரித்துப் போனார். இரங்கிய வீடுகளுக்கு நடுவே அவன் தினமும் நடந்து போனான். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஓர் அம்மாள் பையிலிருந்து பாதி சாப்பிட்ட பன்னை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, பேச்சுக் கொடுத்துவிடுவானோ என்று பயந்து வேகமாகப் போனாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. நன்றாக இல்லை என்பதுதான் சுவரெங்கும் எழுதியிருக்கிறதே.

அறக்கட்டளையில் கெடுபிடி கூடியது. அவன் பொது இடத்தில் சிரிக்கக் கூடாது, யாரோடும் சேர்ந்து நடக்கக் கூடாது. சேர்ந்து நடந்தால் வாசகம் பொய்யாகிவிடும். ஒருநாள் நெகிழ்ச்சி அதிகாரி அவனைச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கன்னம் போட்டுட்டானே" என்றார், சமையல்காரரிடம் குற்றம்சாட்டுகிற குரலில். மறுநாளிலிருந்து தட்டில் பாதிதான் வந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் பல் டாக்டர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பையனோட பேரு என்ன?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. பெரியமனசு சளைக்கவில்லை. "பேரு சொன்னா கருணை ஒரே ஆள் மேல போய்க் குவிஞ்சிரும் டாக்டர். நாங்க பரவலாக் காட்டறோம்." கைதட்டல் எழுந்தது. பயனாளி நான்கடி தள்ளித்தான் நின்றிருந்தான். அவனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பல் டாக்டர் கைதட்டாமல் உட்கார்ந்தார்.

விடுமுறை நாள் ஒன்றில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா உன்கிட்டப் பேசணுமாம். தனியா இருக்கும்போது கூப்பிடு.'

தனியாக இல்லாத நேரம் எது என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணன் அப்படி எழுதுகிறவன் இல்லை. அறையில் ரொட்டிக்காரர் தூங்கும் நேரம் என்பதால் பூங்காவுக்குப் போய், மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறை துண்டித்து, நான்காவது முறை துண்டிக்காமல் விட்டுவிட்டான்.

அம்மா எடுத்ததும் ஊர்க்கதை பேசினாள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, அண்ணன் மீசையை எடுத்துவிட்டது, எதிர்வீட்டு அக்காவுக்கு மூட்டுவலி. பிறகு, "அந்த அக்காதான் போன்ல ஒரு படம் காட்டினா" என்றாள்.

சின்னவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க ஆபீஸ் படம்தான். ஒரு பையன். யாரு பெத்த புள்ளையோ. யாருமில்லன்னு போட்டிருந்துச்சு."

"ம்."

"கையைக் காதுகிட்ட வெச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு என்னவோ, யாருகிட்டயோ போன் பேசற மாதிரி இருந்துச்சு."

அந்தப் பக்கம் குக்கரோ என்னவோ சீறியது.

"நீ அங்கதான அதிகாரியா இருக்க. அந்தப் பையனைப் பாத்தா ஒண்ணு சொல்லுடா."

"என்னம்மா?"

"அவங்க அம்மா பாத்தாலும் கோவிச்சுக்க மாட்டாங்கன்னு சொல்லு. எந்த அம்மாவும் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டா. வேற ஒண்ணுமில்ல, அவன் பாட்டுக்குப் பயந்துக்கிட்டு இருப்பான்."

"சொல்றேம்மா."

"என் பங்குக்கு அவனுக்கு ஒரு போர்வை அனுப்பச் சொல்லி அண்ணனை விட்டுப் பணம் கட்டியிருக்கேன். படத்துல இருக்குற பையன் கையிலதான் சேரணும்னு எழுதவும் சொன்னேன். சேந்துச்சான்னு பாத்துச் சொல்லு."

வெளியூர்க்காரர்கள் பணம் கட்டி அனுப்பும் போர்வைகளை அவர்கள் சார்பில் நெகிழ்ச்சி அதிகாரியே மேடையில் கொடுப்பார். அந்த வாரம் அவர் மைக்கில் படித்தார். "தூர தேசத்துலேர்ந்து ஒரு தாய் அனுப்பியிருக்காங்க. 'படத்தில் இருக்கும் பையன் கையில்தான் சேர வேண்டும்'. எவ்வளவு நம்பிக்கை பாருங்க நம்ம மேல." நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். சின்னவன் இரண்டு கையாலும் வாங்கினான். அதே சாம்பல் போர்வைதான். திரைக்குப் பின்னால் போனான். சுவர்த் திறப்புக்குள் அந்தக் கை காத்திருந்தது. விரலைச் சொடுக்கியது. சின்னவன் போர்வையைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

முன்பக்கம் அடுத்ததாக நின்றவர் பல் டாக்டர். கொடுக்கப் போர்வை வராமல் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். நெகிழ்ச்சி அதிகாரி திரைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"போர்வை எங்கப்பா?"

"இது எனக்கு வந்ததுங்க மேடம்."

"எல்லாமே உனக்குத்தானே வருது? வந்ததைத் திருப்பிக் குடுக்கறதுக்குத்தானே சம்பளம்?"

"இது எங்கம்மா அனுப்பினது."

அவர் சுவரில் இருந்த சுவரொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சண்டைக்காக இல்லை, சரிபார்க்கிற மாதிரி. "உனக்குத்தான் யாருமில்லையே" என்றார்.

"இருக்காங்க மேடம்" என்றான் சின்னவன். பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே நடந்தான். காவலாளி தடுக்கவில்லை. நின்று நின்று அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

பெரியமனசு உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷ சேவையில நாம லட்சக்கணக்கான தடவை கொடுத்திருக்கோம். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, கொடுத்ததை யாரும் எடுத்துக்கிட்டுப் போனதில்ல. அதுதான் நம்ம பெருமையா இருந்துச்சு. இன்னைக்கு ஒருத்தன் அதையும் கெடுத்துட்டான்." கண்ணை மூடித் திறந்தார். "ஆனாலும் நான் அவனை மன்னிக்கிறேன். மன்னிப்பும் ஒரு கொடைதான். படக்காரரே, இதை எடுத்தீங்களா?"

படக்காரர் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை என்றார். அதனால் பெரியமனசு இன்னொரு முறை மன்னித்தார்.

சின்னவன் போர்வையோடு தெருவில் நடந்தான். போர்வை மெல்லிசாகத்தான் இருந்தது, மைக்கைப் பிடித்துச் சொன்ன அந்த அம்மா தப்பாகச் சொல்லவில்லை. அறைக்குப் போக முடியாது. ரொட்டிக்காரர் எழுந்திருக்க இன்னும் நேரமிருந்தது. பேருந்து நிறுத்தத்தில், தன் முகத்துக்குக் கீழேயே உட்கார்ந்து, போனை வாயருகே வைத்துச் சொல்லத் தொடங்கினான்.

"அம்மா, அந்தப் பையனைப் பாத்தேன். போர்வை அவன் கையில சேந்துருச்சு. நீ சொல்லச் சொன்னதையும் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டான். அவன் இனிமே அங்க இருக்க மாட்டானாம், வேற ஏதாவது மூட்டை தூக்கற வேலையாப் பாத்துக்கறேன்னான். மத்தபடி நல்லாத்தான் இருக்கான்." கொஞ்சம் நிறுத்தினான். போன் காத்திருந்தது. "பேச்சுத் துணைக்குத்தாம்மா ஆள் இல்ல அவனுக்கு."

அதையும் போன் எழுதிக்கொண்டது. அவன் அழிக்காமல் அனுப்பிவிட்டான்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சாம்பல் நிறப் போர்வையோடு ஒரு பையன் பேருந்திலோ ரயிலிலோ உட்கார்ந்திருந்து, பக்கத்தில் இடம் காலியாக இருந்தால், உட்காருங்கள். மழையைப் பற்றியோ, ரயில் தாமதத்தைப் பற்றியோ, வாய்க்கு வந்த எதையாவது பேசுங்கள். கையில் மட்டும் எதையும் கொடுத்துவிட வேண்டாம்.